மாமனாரின் முதல் மரணம்

1981 மார்ச் 14, சனிக்கிழமை, காலை ஆறு மணி நாற்பது நிமிடம். எங்கள் ஊர் அலுவிகாரைக்கு மேலே வானம் கழுவிக் கவிழ்த்த பீங்கான் மாதிரி இருந்தது. மேகம் இரண்டே இரண்டு, அவையும் மலைக்கு அந்தப் பக்கம். காற்று இல்லை. அந்த நேரத்தில்தான் என் மாமனாரை நான் முதல் தடவை சாகடித்தேன்.

நேரத்தில் சந்தேகமே வேண்டாம். என் கையாலேயே எழுதி வைத்திருக்கிறேன். (பயப்படவும் வேண்டாம். மனிதர் அதற்குப் பிறகு பதின்மூன்று வருடமும் மூன்று மாதமும் இருந்தார். என் சமையலறையில் இருந்த எல்லா மாசிக் கருவாட்டையும் அவர்தான் சாப்பிட்டு முடித்தார்.)

எனக்கு எண்ணுகிற வியாதி உண்டு. பஸ்ஸில் ஏறினால் ஆசனங்களை எண்ணுவேன். பூசையில் மெழுகுதிரிகளை எண்ணுவேன். சாமியாரின் பிரசங்கம் எத்தனை நிமிடம் என்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்வேன். டவுனில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் கணக்கு வாத்தியாராக இருந்ததால் ஊர் இதைத் தொழில் பக்தி என்று எடுத்துக்கொண்டது. அப்போது எனக்கு முப்பத்தொரு வயது. அப்படிப்பட்டவனைத்தான் நசீர் தன் சினிமாப் படத்துக்குத் தயாரிப்பு நிர்வாகி ஆக்கினான்.

நசீர் மாத்தளை டவுனில் மிளகும் கராம்பும் விற்கிற முதலாளியின் மூத்த மகன். என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன். கொழும்பில் இரண்டு வருடம் இருந்து வெளிநாட்டுப் படங்களாகப் பார்த்துவிட்டு வந்து, இனிமேல் தராசைத் தொட முடியாது என்று வாப்பாவிடம் அறிவித்தான். சொந்த ஊரில், சொந்த ஆட்களை வைத்து, பாட்டும் சண்டையும் இல்லாத ஒரு படம் எடுக்க வேண்டும். இந்தியாவுக்குக் கப்பலேற்றி அனுப்பப்பட்ட தோட்டத்துப் பையன் ஒருவன், தகப்பன் செத்த செய்தி கேட்டுத் திரும்பி வருகிறான், இதுதான் கதை. படத்துக்குப் பெயர் கடைசி வரை வைக்கவில்லை.

கொழும்பில் அவனுக்குத் தெரிந்த ஒரு கெமராக்காரர் இருந்தார். 16 மில்லிமீட்டர் கெமராவும் ஐந்து சுருள் பிலிமும் கொண்டு, ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சம்மதித்தார். திங்கட்கிழமை கெமராவை உரியவரிடம் கொடுத்துவிட வேண்டும். பிறகு கிடைக்காது. அந்த ஒரு நாளில் சாவீட்டுக் காட்சியை எடுத்துவிட்டால், அதைப் போட்டுக் காட்டி மீதிப் படத்துக்குப் பணக்காரர் யாரையாவது பிடிக்கலாம். தவறினால் நசீர் கராம்பு நிறுக்கப் போக வேண்டியதுதான். வாப்பா கொடுத்த தவணை அவ்வளவே.

சாவீட்டுக்கு முதலில் தேவை ஒரு பிரேதம். அதற்கு என் மாமனார் சவரிமுத்துவைத் தெரிவு செய்தோம். தேயிலைத் தோட்டமொன்றில் முப்பத்தொரு வருடம் டிஸ்பென்சராக இருந்து ஓய்வு பெற்றவர். மருந்து கலந்து கொடுப்பதுதான் வேலை என்றாலும், தோட்டத்தில் அவர்தான் 'டொக்டர் ஐயா'. நான் அவர் வீட்டோடு மாப்பிள்ளை. ஆகவே அவருக்கு நடிப்பாசை இருந்தது எனக்குத் தெரியும்.

"எனக்கு வசனம் எத்தனை?" என்று நசீரைக் கேட்டார்.

"அங்கிள், நீங்க மய்யத்து. மய்யத்துக்கு என்ன வசனம்?"

"சாவுறதுக்கு முந்தி ஒண்ணு ரெண்டு பேசலாமே, தம்பி?"

"படம் தொடங்குறப்பவே நீங்க மௌத்து, அங்கிள்."

மாமனார் இரண்டு நாள் யாருடனும் பேசவில்லை. மூன்றாம் நாள், "படுக்கிறதுலயும் ஒரு தெறம இருக்குல்ல, மாப்பிள்ளை?" என்று கேட்டு, விறாந்தையில் மல்லாந்து மூச்சடக்கிப் பழகத் தொடங்கினார். நான் மணிக்கூடு வைத்துக் கணக்கெடுத்தேன். அவருடைய உச்ச அளவு நாற்பத்தொரு வினாடி.

மீதிச் சாமான்களின் பட்டியல் என்னிடம் இருந்தது: கதிரை அறுபது, தறப்பாள் ஒன்று, பாதை நெடுகக் கட்ட வெள்ளைக் கொடி நூற்றைம்பது, சவப்பெட்டி ஒன்று. வெள்ளிக்கிழமை பின்னேரம் வாடகைக் கடைக்குப் போனால், கதிரை முழுவதும் ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்விட்டது. அறுபது கதிரைக்கு எங்கே போவது? இரவு முழுக்க யோசித்தேன். விடியற்காலையில் எனக்கு ஞானம் பிறந்தது. (என் வாழ்க்கையில் நடந்த கெடுதல்கள் எல்லாம் விடியற்காலை ஞானத்தால் வந்தவை.)

எங்கள் பகுதியில் ஒரு மரணாதார சங்கம் இருந்தது. தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் என்று எண்பத்து நான்கு வீடுகள் உறுப்பினர். மாதம் இரண்டு ரூபாய் சந்தா. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் கதிரை, தறப்பாள், கொடி, கோப்பை எல்லாம் சங்கம் தரும். செலவுக்கு ஒரு தொகையும் தரும். தலைவர் டிகிரி பண்டா, ஓய்வு பெற்ற தபாலதிபர். களஞ்சிய அறை அவர் வீட்டுக்குப் பின்னால். பொருளாளர் நான். சாவி என் இடுப்பில்.

சங்கத்துக்கு விதிகள் இருபத்து மூன்று. இருபத்து மூன்றையும் எழுதியவன் நானே. ஏழாம் விதி: சாவீட்டுக்கு அல்லாமல் வேறெதற்கும் பொருட்கள் வெளியே போகக்கூடாது. ஒன்பதாம் விதி: இறந்தவர் பெயர், வீடு, நேரம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதி, துண்டுச் சீட்டைக் கிழித்துத் தலைவர் வீட்டுப் பெட்டியில் போட வேண்டும், இரண்டு மணித்தியாலத்துக்குள் எல்லா வீடுகளுக்கும் செய்தி போக வேண்டும், ஆள் அனுப்பாத வீட்டுக்கு ஐந்து ரூபாய் அபராதம். பதினோராம் விதி: ஒருமுறை பதிந்ததை அழிக்கவோ திருத்தவோ கூடாது. முன்னொரு காலத்தில் ஒருவர் ஒரே மாமியாரை இரண்டு சங்கங்களில் சாகடித்துப் பணம் எடுத்ததால் வந்த விதி அது.

காலை ஆறரைக்குப் பண்டாவிடம் அனுமதி கேட்கப் போனேன். அவர் விகாரைக்குப் போயிருந்தார். கதிரை ஏற்ற நான் கூட்டிக்கொண்டு போன கை டிரக்டர்காரன் மணிக்கணக்கில் கூலி கேட்பவன். வாசலில் இயந்திரத்தை நிறுத்தாமல் நின்றான். சாவிதான் என்னிடம் இருக்கிறதே என்று திறந்துவிட்டேன்.

வேறு எவனாக இருந்தாலும் கதிரைகளைப் பேசாமல் ஏற்றிக்கொண்டு போயிருப்பான். நான் நேர்மையானவன். பதியாமல் ஒரு கோப்பையைக்கூட எடுக்க மாட்டேன். பதிவேட்டைத் திறந்தேன். 'இறந்தவர் பெயர்' என்ற கூட்டில் எதையாவது எழுத வேண்டுமே? சவரிமுத்து என்று எழுதினேன். நேரம், 6.40. வலப்பக்கம் 'குறிப்பு' என்ற கூட்டில், 'படப்பிடிப்புக்காக மட்டும்' என்று அழகான கையெழுத்தில் எழுதி அடிக்கோடும் இட்டேன். பிறகு, நான்கு வருடப் பழக்கத்தால், இடப்பக்கத்துத் துண்டுச் சீட்டைக் கிழித்துப் பண்டாவின் பெட்டியில் போட்டேன்.

குறிப்பு வலப்பக்கத்தில் இருந்தது என்பதை இன்னொருமுறை ஞாபகப்படுத்துகிறேன்.

கதிரைகளை வீட்டு வாசலில் இறக்கிவிட்டு டவுனுக்குப் போனேன். மாமனார் எனக்கு முந்திய பஸ்ஸில் போயிருந்தார், மீசைக்குச் சாயம் போட. பிரேதத்துக்கு மீசை எதற்கு என்று கேட்டதற்கு, "பக்கவாட்டுல எடுத்தா மீசைதானே தெரியும்" என்றார்.

நானும் நசீரும் சவப்பெட்டி விற்கிற மலர்ச்சாலையில் ஒரு பெட்டியை வாடகைக்குக் கேட்டோம். உரிமையாளர் கண்ணாடியைக் கழற்றினார்.

"பதினெட்டு வருஷமா தொழில் செய்யிறேன், மாஸ்டர். பெட்டியத் திருப்பித் தர்றேன்னு சொன்ன முதல் ஆள் நீங்கதான்."

"கீறல் இல்லாமல் தருவோம்" என்றேன்.

பெட்டியை நசீரின் வாப்பாவுடைய கராம்பு வேனில் ஏற்றிக்கொண்டு திரும்பும்போது நேரம் பதினொன்று இருபது. பெரிய பாதையிலிருந்து எங்கள் ஒழுங்கைக்குத் திரும்பியதும் பார்த்தேன், இருபக்கமும் வெள்ளைக் கொடி கட்டியாகிவிட்டது. நான் யாரிடமும் சொல்லவில்லை. எண்ணினேன்: நூற்று நாற்பத்தெட்டு. இரண்டு குறைந்தது மட்டும்தான் என் மனதை உறுத்தியது.

வளைவு தாண்டியதும் கூட்டம். வாசலில், கிணற்றடியில், கொக்கோ மரங்களுக்குக் கீழே. தோட்டத்திலிருந்து ஒரு லொறி நிறைய ஆட்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

நசீர் என் தொடையைப் பிடித்து நசுக்கினான். "யா அல்லாஹ்! மச்சான், எவ்வளவு ஆக்கள் ஈக்காங்க! நீ மனுசனா, ஜின்னா?"

எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, பெட்டியை இறக்கும் வரை. பெட்டி வெளியே தெரிந்ததும் பெண்கள் ஓவென்று கதறினார்கள். நான்கு பேர் ஓடிவந்து அதை எங்கள் கையிலிருந்து வாங்கிப் போய் மண்டபத்தில் இரண்டு முக்காலிமேல் வைத்தார்கள். டிகிரி பண்டா வெள்ளைச் சாரமும் வெள்ளைச் சட்டையுமாக வந்து என் இரண்டு கைகளையும் பிடித்தார். கையில் என் துண்டுச் சீட்டு.

"அனே, மாஸ்டர். நேத்துத்தான் எனக்கிட்ட வெத்தில வாங்கிச்சு, அந்த மனுசன். நீங்க அழ வேணாம். ரெண்டு மணித்தியாலம் வேணாம், ஒரு மணி பத்து நிமிசத்தில எல்லா வீட்டுக்கும் சொல்லிட்டேன். தோட்டத்துக்கும் ஆள் அனுப்பிட்டேன்."

அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. சொல்லிவிட வாயைத் திறந்தேன். நசீர் என்னைத் தூணுக்குப் பின்னால் இழுத்தான்.

"வாயத் தொறக்காத. மய்யத்த எப்ப எடுப்பாங்க?"

"நாளைக்குப் பின்னேரம்னுதான் எல்லாரும் நினைச்சிருப்பாங்க."

"கெமரா எப்ப வருது?"

"நாளைக்குக் காலையில."

"அவ்வளவுதான் மச்சான். இவங்க எல்லாரும் நாளைக்குத் தானா வருவாங்க. நெசமா அழுவாங்க. எடுத்து முடிச்சதும் உண்மையச் சொல்லி ரெண்டு பேரும் கால்ல விழுவோம். இன்னைக்குச் சொன்னா, நாளைக்கு ஒரு நாய் கூட வராது."

நான் நல்லவன் என்று இதுவரை சொல்லிக்கொண்டு வந்தேன். இந்த இடத்தில் நிறுத்திக்கொள்கிறேன். நான் வாயை மூடிக்கொண்டேன். நாற்பது நிமிடம். வந்தவர்கள் நூற்று எண்பத்தேழு பேர்.

என் மனைவி பிலோமினா இதைவிட மோசம் செய்தாள், ஒன்றும் தெரியாமல். அவள் இவர்களை நடிக்க வந்தவர்கள் என்று நினைத்துவிட்டாள். சமையலறையிலிருந்து தேத்தண்ணித் தட்டோடு வந்து என் காதில் சொன்னாள்:

"ஏங்க, ஷூட்டிங் நாளைக்குத்தானே? இவங்க இன்னைக்கே இந்த அழுக அழுவுறாங்க. நாளைக்குக் கண்ணீர் மிச்சம் இருக்குமா?"

தோட்டத்துக் கிழவி ஒருத்தி அவளைக் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தாள். பிலோமினா தானும் பின்வாங்கக் கூடாது என்று, "அப்பா, என்னை விட்டுட்டுப் போயிட்டீங்களே!" என்று ஒரு சத்தம் போட்டாள். ஊரே உருகியது. அந்த நடிப்பைப் பிடிக்க அன்று கெமரா இல்லை என்று நசீர் தலையில் அடித்துக்கொண்டான். அதைப் பார்த்து அவனுக்கும் துக்கம் தாங்கவில்லை என்று இரண்டு பேர் அவனைப் பிடித்துக்கொண்டார்கள்.

"முகத்தக் காட்டுங்க, மாஸ்டர்" என்று ஒரு குரல் கேட்கத் தொடங்கிய நேரத்தில், பின் அறை ஜன்னல் சீலைக்குப் பின்னால் ஒரு கரிய மீசை தெரிந்தது. மாமனார்! சாயத்தைத் திடீரென்று காட்டி எங்களை அசத்துவதற்காகக் கொக்கோத் தோட்டத்து வழியாகப் பின்கதவால் வந்திருக்கிறார். ஓடிப்போய்க் கதவைச் சாத்தி, எல்லாவற்றையும் பத்து வாக்கியத்தில் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"நெசமாவே எனக்கா இந்தக் கூட்டம்?"

"ஆமா, மாமா. மன்னிச்சிருங்க. இப்பவே போய்ச் சொல்லிர்றேன்."

"பொறுங்க, மாப்பிள்ளை. என்ன அவசரம்? என்னென்ன பேசுறாங்கன்னு கேப்போம்."

இருவரும் ஜன்னல் சீலைக்குப் பின்னால் நின்றோம். கிழவி சொல்லிக்கொண்டிருந்தாள்: "கொட்டுற மழையில, எங்க லயத்து வீட்டுக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு லாந்தரப் புடிச்சிக்கிட்டு வந்தாருங்க. எம் மக பொழச்சது ஐயாவாலதான்." மாமனார் கண்ணைத் துடைத்தார். சாயம் புறங்கையில் ஒட்டியது. வேறொருவர் சொன்னார், துரையே ஐயாவுக்குப் பயந்துதான் சீக்கு லீவு கொடுப்பான் என்று. மாமனார் நெஞ்சை நிமிர்த்தினார். உயிரோடு இருந்தபோது ஒருவர் கூட அவரிடம் நேரே சொல்லாத வார்த்தைகள் அவை. அந்த ஐந்து நிமிடத்தில் நான் வெட்கத்தையும் மறந்துவிட்டேன்.

அப்புறம் பழைய கங்காணி ஒருவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வாயைத் திறந்தார்.

"நல்ல மனுசந்தான். ஆனா மருந்து ஒரே போத்தல். வயித்து வலிக்கும் அதே கசப்புத் தண்ணி, கால் வலிக்கும் அதே கசப்புத் தண்ணி. ஒரு தடவ பல்லு வலின்னு போனேன், அதையே குடுத்தாரு."

சாவீட்டில் அடக்கிய சிரிப்பு எழுந்தது.

நான் பிடிப்பதற்குள் மாமனார் கதவைத் திறந்துகொண்டு மண்டபத்துக்குள் போய்விட்டார்.

"யாருடா அது ஒரே போத்தல்னு சொன்னது?"

அடுத்த அரை நிமிடத்தை எண்ண என்னால் முடியவில்லை. கதிரைகள் மட்டும் பதினேழு விழுந்தன. எல்லோரும் ஓடி முடித்த பிறகு, கங்காணி ஒருவர்தான் இருந்த இடத்திலேயே இருந்தார். மாமனாரை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"செத்தாலும் சொல்லுவேன், ஐயா. ஒரே போத்தல்தான்."

கிழவி திரும்பி வந்து மாமனாரின் நெஞ்சில் இரண்டு கையாலும் குத்தினாள். "எங்கள இப்புடி அழ வச்சிட்டீங்களே, ஐயா! அரைநாள் பேரப் போட்டுட்டுல்ல வந்தோம்!" அந்தக் குத்து என் நெஞ்சில்தான் விழுந்தது. அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டு லொறியில் நின்றுகொண்டு வந்தவர்கள் அவர்கள். நசீர் ஒரு கதிரைமேல் ஏறி, நாளைக்கும் வரச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தான். ஒருவர் பின் ஒருவராக லொறியில் ஏறினார்கள். பிலோமினா தேத்தண்ணித் தட்டைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதப் போவதில்லை.

டிகிரி பண்டா கோபப்படவில்லை. அதுதான் கொடுமை. விழுந்த கதிரைகளை நிமிர்த்திப் போட்டு, அங்கேயே செயற்குழுவைக் கூட்டினார். கதிரைகளை உடனே திருப்பிக் கொண்டுபோக வேண்டும். பொருளாளர் விலக வேண்டும். பதிவை வெட்டிவிடும்படி நான் கேட்டேன்.

"எப்பிடி, மாஸ்டர்? பதினொண்ணாம் விதி நீங்க எழுதினதுதானே?"

வருகைப் பதிவில் நான் கையெழுத்து வைக்கவில்லை என்று எனக்கு ஐந்து ரூபாய் அபராதமும் விழுந்தது.

ஞாயிறு காலை எட்டே காலுக்குக் கெமராக்காரர் வந்து இறங்கினார். வாசல் வெறுமை. கொடி இல்லை, கதிரை இல்லை, ஆள் இல்லை. ஒரு பெட்டி, அதற்குள் ஒரு மாமனார். "கூட்டம் எங்கே?" என்றார். நசீர் என்னைப் பார்த்தான். நான் மேகத்தைப் பார்த்தேன். அன்று நிறைய இருந்தது.

வந்ததற்கு ஒரு சுருள் எடுப்போம் என்று கெமராவை ஓட்டினார். இரண்டு நிமிடமும் நாற்பத்தைந்து வினாடியும். மாமனார் நாற்பத்தொரு வினாடி அருமையாகச் செத்திருந்தார். பிறகு எழுந்து உட்கார்ந்து, கெமராவை நேரே பார்த்து, தனக்குக் கிடைக்காத வசனத்தைச் சொன்னார்:

"கசப்பு மருந்து மூணு வகை இருந்துச்சு."

கெமராவுக்கு ஒலிப்பதிவு கிடையாது. பதினொரு மணிக்கு இடியோடு மழை பிடித்தது. கெமராக்காரர் பன்னிரண்டு மணி பஸ்ஸில் போய்விட்டார். நசீர் திங்கட்கிழமை தராசில் உட்கார்ந்தான். கழுவி வந்த அந்த ஒரு சுருளை என்னிடம் தந்து, "நீயே வச்சிக்கோ மச்சான், எனக்குப் பாக்க ஏலாது" என்றான். அவன் இன்னொரு படம் எடுக்கவில்லை. என்னைக் குறை சொல்லவும் இல்லை. ஒவ்வொரு பெருநாளைக்கும் கராம்பு ஒரு பொட்டலம் அனுப்பினான்.

அந்தச் சுருள் எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்தில் எங்கள் வீட்டோடு எரிந்து போயிற்று. நாங்கள் நான்கு பேரும், மகள் அப்போது கைக்குழந்தை, ஒன்பது நாள் பண்டா வீட்டுப் பின்னறையில் இருந்தோம். முன்னால் அறுபது கதிரையையும் மடித்து அடுக்கி எங்களை மறைத்திருந்தார். சாவீட்டுக்கு அல்லாமல் வேறெதற்கும் பாவிக்கக் கூடாத பொருட்கள். இருட்டில் பிலோமினா அழும்போதெல்லாம் மாமனார் சொல்வார்: "எனக்கு என்ன பயம்? நாந்தான் ரெண்டு வருஷத்துக்கு முந்தியே செத்துட்டேனே. புத்தகத்துல இருக்கு." பண்டா அந்த ஒன்பது நாளை எந்தப் புத்தகத்திலும் பதியவில்லை.

1994 ஜூன் 14, செவ்வாய்க்கிழமை, காலை ஐந்து மணி ஐந்து நிமிடம், இலேசான தூறல். அதே இடத்தில் திருப்பிக் கட்டிய வீட்டில் மாமனார் இரண்டாவது தடவை இறந்தார். தள்ளாடித் தள்ளாடிப் பண்டா வந்தார். கையில் பழைய பதிவேடு. கண் கலங்கியிருந்தது.

"மாஸ்டர், நான் என்ன செய்யிறது? இந்த மனுசன் இதில..."

"தெரியும், தலைவரே" என்றேன். "விதி விதிதான்." சங்கத்திடம் ஒரு கோப்பைகூட நான் கேட்கவில்லை. அவர் பதிவேட்டை மூடிக்கொண்டு திரும்பிப் போனார்.

அரை மணித்தியாலம் கழித்து ஒழுங்கையில் ஒரு கதிரை நடந்து வந்தது. அதற்குக் கீழே பண்டா. தன் வீட்டுச் சாப்பாட்டு மேசைக் கதிரையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். அவருக்குப் பின்னால் இன்னொரு கதிரை. அதற்குப் பின்னால் ஒரு வாங்கு. பிரம்புக் கதிரை, சாய்மனைக் கதிரை, பாலர் பாடசாலைக் குட்டிக் கதிரை எல்லாம் வந்தன. வாசலில் நின்று எண்ணினேன். எழுபத்தொன்று வரை எண்ணினேன். அதற்குமேல் கண் தெரியவில்லை. அபராதம் இல்லாமலே வந்தவர்கள் இருநூற்று முப்பத்தொரு பேர். கங்காணி செத்துப்போயிருந்தார். அவருடைய மகன் பெட்டியருகே வந்து, "ஒரே போத்தல்னு அப்பா சாவுற வரைக்கும் சொன்னாருங்க" என்றான். பிலோமினா அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால், பேரப்பிள்ளைகள் வரை எல்லோரும் ஒரே குரலில் சொல்வார்கள்: "மூணு வகை இருக்கு!"

செலவைச் சொல்லிவிடுகிறேன். பெட்டி (இம்முறை திருப்பிக் கொடுக்கவில்லை), தறப்பாள், வாகனம், சாப்பாடு, கல்லறை எல்லாம் என் கைக்காசு: 18,642 ரூபாய் 50 சதம். 1981இன் அபராதம் ஐந்து ரூபாயைக் கூட்ட வேண்டும். எங்கள் வீட்டுச் சந்தா மாமனார் பெயரில் இருந்தது. செத்தவரிடம் சந்தா வாங்க முடியாது என்று பண்டா மறுத்துவிட்டதால், 1981 ஏப்ரல் முதல் 1994 மே வரை நூற்று ஐம்பத்தெட்டு மாதச் சந்தா, 316 ரூபாய், மிச்சம். அதைக் கழிக்க வேண்டும். ஆக மொத்தம், பதினெட்டாயிரத்து முந்நூற்று முப்பத்தொரு ரூபாய் ஐம்பது சதம்.